ஒரு கோடு விழுந்தால் என்ன அர்த்தம்?

கோரிப்பாளையத்தில் ராஜாஜி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து பாருங்கள். மெடிக்கல் ஷாப், லேப், ஜூஸ் கடை, மறுபடி மெடிக்கல் ஷாப். மதுரை என்றில்லை, எந்த ஊரிலும் சில கடைகளில் ''பிள்ளைக்குத் தொண்டை வலிண்ணே'' என்றால் போதும், சீட்டே கேட்காமல் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக்கைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஸ்ட்ரெப் ரேபிட் டெஸ்ட். தொண்டையில் தேய்த்த பஞ்சுக் குச்சியை மருந்தில் முக்கி, அதில் பட்டையை நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் பதில். ரெண்டு கோடு என்றால் 'ஏ' குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. ஒரு கோடு என்றால் இல்லை.

'ரேபிட்' என்றதும் 2020 ஏப்ரல் ஞாபகம் வருமே! ரெண்டு சீனக் கம்பெனிகளின் கொரோனா கிட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது ஐ.சி.எம்.ஆர். இது அந்த ரகமில்லை. அது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடியது. இது கிருமியையே தேடுகிறது.

2016-ல் காக்ரேன் அமைப்பு குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேரைப் பிடிக்கிறது. இல்லாதவர்களில் 95 பேரை சரியாக விட்டுவிடுகிறது. பி.காம். படித்தவன் பேரேட்டில் போட்டுப் பார்க்கிறேன். தொண்டை வலியோடு 100 பிள்ளைகள், அதில் 25 பேருக்கு ஸ்ட்ரெப் என்று வையுங்கள். வெட்டி ஆன்டிபயாட்டிக்கிலிருந்து தப்புகிறவர்கள் சுமார் 71. நல்ல லாபம்தான். ஆனால், டெஸ்ட் கோட்டைவிடுகிற அந்த மூணு நாலு பேர்?

நம் ஊரில் அது சில்லறை நஷ்டமில்லை, சார். வைத்தியம் பார்க்காத ஸ்ட்ரெப், சிலருக்கு ரூமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். பத்து வயதுப் பெண்ணுக்கு வந்த தொண்டை வலி, அவள் பிள்ளைத்தாச்சியாகி மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு கோடு விழுந்தால் கதை முடியவில்லை. கல்ச்சர் செய்யவேண்டும். ரெண்டு நாள் ஆகும், பரவாயில்லை. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் கொடுத்தாலே ரூமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம்.

மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல் என்றால் பெரும்பாலும் வைரஸ். டெஸ்ட்டே வேண்டாம். காசு மிச்சம்.

எனக்குக் கிட்டைவிட குச்சி பிடிக்கிற கை மேல்தான் சந்தேகம். டான்சில் ரெண்டையும் தொண்டைப் பின்சுவரையும் தேய்க்கவேண்டும். பிள்ளை ஓங்கரிக்கும், உதைக்கும். பாவப்பட்டு நாக்கைத் தடவிவிட்டுக் குச்சியை எடுத்தால், விழுவது ஒரு கோடுதான். பெட்டிமேல் அச்சடித்த சதவிகிதமெல்லாம் அந்தக் குச்சிக்குப் பொருந்தாது. பிள்ளையை மடியில் இருத்தி, தலையைப் பிடித்துக்கொண்டு, குச்சி எங்கே படுகிறது என்று நீங்களே பாருங்கள்.