பிலிமா, சென்சாரா? முதலில் ஸ்கேனரைச் சொல்லுங்கள்

35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமின் அளவு 36க்கு 24 மி.மீ. அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் கோப்பு கையில் வரும். உடனே ‘பிலிம் என்றால் 21 மெகாபிக்சல்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோப்பைத் திரையில் முழு அளவில் விரித்துப் பார்த்தால் தெரியும்: பாதிக்கு மேல் பிலிமின் மணிகள்தான்.

ஃபியூஜியின் வெல்வியா ஸ்லைடைப் பாருங்கள். பளிச்சென்ற கறுப்பு வெள்ளைக் கோடுகளானால் மில்லிமீட்டருக்கு 160 வரை பிரித்துக் காட்டும். மங்கலான வேறுபாடுள்ள கோடுகளானால் 80தான். இது ஃபியூஜியே கொடுத்த கணக்கு. நாம் படமெடுக்கும் தலைமுடியும் இலையும் துணியும் பெரும்பாலும் இரண்டாவது வகை. சென்சாரில் இவ்வளவு சரிவு இல்லை.

பிலிமிலேயே இரண்டு மரபுகள் உண்டு. 1935இல் வந்து 2009இல் உற்பத்தி நின்ற கோடக்ரோம் போன்ற ஸ்லைடுகளுக்கு எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் கூடினாலே வெளிச்சப் பகுதி வெளுத்துவிடும். கலர் நெகட்டிவோ இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும். பட்டுப் புடவையின் ஜரிகையில் ஃபிளாஷ் நேராக அடித்த படத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெகட்டிவில் ஜரிகையின் இழை தெரியும். டிஜிட்டலில் அது வெறும் வெள்ளைப் பட்டை. இதில் சென்சார் ஸ்லைடின் வாரிசு. ஆனால் இருட்டுப் பகுதியைப் பிறகு தூக்கிக் காட்டுவதில் அதற்கு இணை எந்தப் பிலிமும் இல்லை.

ஸ்கேனர்கள் தனி உலகம். சுழலும் உருளையில் பிலிமை ஒட்டி, ஒளிப்பெருக்கிக் குழாயால் படிக்கும் டிரம் ஸ்கேனர்தான் ஸ்லைடின் ஆழ்ந்த இருட்டுக்குள்ளும் நுழையும். மேசை மேல் வைக்கும் தட்டை ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருந்தாலும் கிடைக்கும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது. அகச்சிவப்புக் கதிரால் தூசியை நீக்கும் வசதி கலர் பிலிமுக்கு வரம். கறுப்பு வெள்ளையில் உள்ள வெள்ளி அந்தக் கதிரையும் மறைப்பதால் அங்கே பயன்படாது. இப்போது மேக்ரோ லென்ஸ் பூட்டிய டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படமெடுத்துக்கொள்வோர் பலர். பிலிமை அளக்கவும் சென்சார்தான் வர வேண்டியிருக்கிறது!

2002இல் கேனான் 1டிஎஸ் 11 மெகாபிக்சலோடு வந்தபோது வாதத்துக்கு இடமிருந்தது. 2012இல் நிக்கான் டி800 36 மெகாபிக்சலோடு வந்தபின், நுணுக்கத்தைப் பொறுத்தவரை 35 மி.மீ. கலர் பிலிமின் வழக்கு முடிந்தது என்பேன். ஐஎஸ்ஓ 400க்கு மேல் போட்டியே கிடையாது. 35 மி.மீ. பிரேமைப் போல் 13 மடங்குக்கு மேல் பரப்புள்ள 4க்கு 5 அங்குலத் தாள் பிலிம், நல்ல டிரம் ஸ்கேனோடு, இன்னும் களத்தில் நிற்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். லேபில் சிறிய ஜேபெக் கோப்பாக வாங்கிய ஸ்கேன் இருக்கிறதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்; சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நல்ல ஸ்கேனர் கிடைக்கும்போது மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம்.