புனிதரும் பாவசங்கீர்த்தனமும்

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் அர்ச்சியசிஷ்டர் சரித்திரங்களில் எனக்கு ஒரு ருசி உண்டு. ஒரு மனக்குறையும் உண்டு. நல்லவர் ஒருவரைப் பற்றி எழுதுவது கஷ்டமான காரியம். எழுதுகிறவர்கள் அந்தக் கஷ்டத்துக்குப் பயந்து, அவர் ஒருவரை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, அவரைச் சேர்ந்தவர்களை இருட்டில் விட்டுவிடுகிறார்கள்.

தேவசகாயத்தைப் பற்றி நான் படித்த சிறு நூல்களும் இப்படித்தான். கதை என்னவோ அற்புதமான கதை. 1712ல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். 1741ல் குளச்சல் சண்டையில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாயின் சிநேகம். 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பிறகு சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். உயர்வு தாழ்வு பாராமல் எல்லோரும் சமம் என்று அவர் சொன்னதும் பகைக்கு ஒரு காரணம் என்கிறது திருச்சபை. 2022 மே 15ந் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சிறு நூல்கள் இந்த மகிமையோடு முடிந்துவிடுகின்றன. எனக்கோ கதை பாதியில் நிற்பதாகத் தோன்றுகிறது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872ல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரியும் மண்டபங்கள் இரண்டு. வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஒன்று, நாடார் கிறிஸ்தவர்களுக்கு ஒன்று. 1910ல் தடுப்பை இடித்தார்கள். பிள்ளைமார் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை போய்த் தோற்றது.

புனிதர் இறந்து நூற்றிருபது வருஷம் கழித்துக் கட்டிய சுவருக்கு அவர் சரித்திரத்தில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவரைக் கொன்ற ராஜாங்கம் போய்விட்டது. அதைக் குறை சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் எதிர்த்து நின்ற விஷயம் மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. சுவரைக் கட்டியதும் சபைதான், இடித்ததும் சபைதான். இடித்தவர்களின் துணிவை எழுதினால் கட்டியவர்களின் பலவீனத்தையும் எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் போலும், இரண்டையுமே விட்டுவிடுகிறார்கள்.

புனிதர் பட்டத்துக்கு முன் அவர் பெயரிலிருந்த 'பிள்ளை' என்ற வாலை நீக்க வேண்டும் என்று சிலர் கோரினார்கள், ரோமாபுரியும் நீக்கியது. அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் பெயரில் வாலை வெட்டுவது சுலபம். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பாரும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

கத்தோலிக்கரிடம் பாவசங்கீர்த்தனம் என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பொத்தாம்பொதுவாக 'நான் பாவி' என்றால் போதாது; இன்ன பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரமும் செய்ய வேண்டும். தனி மனிதனுக்கு விதித்த இதைச் சபை தனக்கும் விதித்துக்கொள்வது அபூர்வம். 2016 டிசம்பரில் இந்திய ஆயர்கள் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை அந்த அபூர்வங்களில் ஒன்று. சபைக்குள் தீண்டாமை உண்டென்று அதில் ஒப்புக்கொண்டார்கள். பரிகாரம்தான் பாக்கி.

இலக்கியத்தில் அந்தச் சங்கீர்த்தனம் முன்பே நடந்துவிட்டது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பாமா 1992ல் எழுதிய 'கருக்கு' என்ற நூலில் மடத்தின் ஜாதியும் இருக்கிறது, அவருடைய விசுவாசமும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை அவர் மறைக்கவில்லை. புனிதர் சரித்திரம் எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

தேவசகாயத்தின் சரித்திரத்தை அடுத்து எழுதுகிறவருக்கு என் யோசனை இதுதான்: ஆரல்வாய்மொழியோடு நிறுத்த வேண்டாம். வடக்கன்குளத்துச் சுவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். அதனால் புனிதரின் பெருமை குறைந்துவிடாது. அவர் யாருக்காகச் செத்தார் என்பது அதைப் படித்த பிறகுதான் விளங்கும்.