ஒரே பட்டம், இரண்டு தொழில்

மனநல ஆலோசனையையும் மறுவாழ்வு ஆலோசனையையும் சேர்த்து ஒரே முதுகலைப் பட்டமாகத் தரும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் பல உண்டு. மொத்தம் 60 கிரெடிட். முடித்தவர் மனநல ஆலோசகருக்கான மாநில உரிமத்துக்கு முயலலாம். மறுவாழ்வு ஆலோசகருக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வையும் எழுதலாம். மாணவருக்கு இதில் லாபம்தான். உடல் முடங்கி வேலையை இழந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் இந்தப் படிப்பை எடைபோட வேண்டும்.

இரண்டு தொழில்களும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவை. மறுவாழ்வு ஆலோசனை அரசாங்கத்தின் பிள்ளை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து அதற்கான முதுகலைப் படிப்பை வளர்த்தது. மாற்றுத்திறனாளியை மீண்டும் வேலையில் அமர்த்துவதே நோக்கம். மனநல ஆலோசனை வளர்ந்தது உரிமத்தின் வழியே: 1976இல் வர்ஜீனியாவில் தொடங்கி, 2009இல் கலிபோர்னியாவோடு எல்லா மாநிலங்களிலும் உரிமச் சட்டம் வந்துவிட்டது. மறுவாழ்வுப் படிப்புகளுக்குத் தரச்சான்று தந்துவந்த ‘கோர்’ அமைப்பு, 2017 ஜூலை 1 அன்று ஆலோசனைப் படிப்புகளுக்கான ‘கேக்ரெப்’ அமைப்போடு இணைந்தது.

இணைப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரை வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை மருத்துவ அறிக்கையிலிருந்து ஆலோசகர் படித்தெடுக்க வேண்டும். அந்தத் தொழிலாளிக்கு வரைபடம் படிக்கத் தெரியும், செலவு மதிப்பிடத் தெரியும், ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியும். இந்தத் திறமை எந்த வேலைக்குப் பொருந்தும் என்று தேட வேண்டும். எவ்வளவு சம்பாதித்தால் அரசு உதவித்தொகை நின்றுபோகும் என்று கணக்குப் போட வேண்டும். முதலாளியிடம் போய், மேசையின் உயரத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் பற்றிப் பேச வேண்டும்.

ஆனால் அந்த மனிதர் பல நாளாகத் தூங்கவில்லை. மனைவியிடம் எரிந்து விழுகிறார். செத்துவிடலாமா என்று தோன்றுகிறது. மனநல உரிமம் இல்லாத ஆலோசகர் இந்த இடத்தில் அவரை வேறொருவரிடம் அனுப்பத்தான் முடியும். இரண்டும் கற்றவர் அங்கேயே கையில் எடுத்துக்கொள்ளலாம். இணைப்புக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன்.

சிக்கல் உரிமத்துக்கான மணிக்கணக்கில் இருக்கிறது. படிக்கும்போது 100 மணி நேர ஆரம்பப் பயிற்சி, அதில் 40 மணி ஆலோசனை நாடி வருவோருடன் நேரடியாக. பிறகு 600 மணி நேரக் களப்பயிற்சி, அதில் 240 நேரடியாக. பட்டம் வாங்கிய பின் நியூயார்க்கில் மேற்பார்வையோடு 3,000 மணி நேரம், அதில் பாதி நேரடிச் சந்திப்பு. இந்த 3,000 மணியும் மனநல ஆலோசனை சார்ந்த அனுபவமாக இருக்க வேண்டும். தொழிற்கூடத்துக்குப் போய்க் கதவை அளந்த மதிய நேரத்துக்கு அந்தக் கணக்கில் என்ன மதிப்பு? உரிமம் வேண்டுமென்கிற பட்டதாரி கிளினிக் பக்கம்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பணமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 2023 மே மாதத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி மறுவாழ்வு ஆலோசகரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 44,040 டாலர். மனநல, போதைமீட்பு ஆலோசகர்களுக்கு 53,710. 2024 ஜனவரி முதல் உரிமம் பெற்ற மனநல ஆலோசகருக்கு மெடிகேர் காப்பீடும் பணம் தருகிறது.

அரசு மறுவாழ்வுத் துறை ஆலோசகருக்கு இளங்கலைப் பட்டமும் கொஞ்சம் அனுபவமும் இருந்தால் போதும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்திவிட்டது. இது இணைப்புக்கு முந்தையது. ஆகவே பழி முழுவதையும் இணைப்பின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனாலும் விளைவு ஒன்றையொன்று வலுப்படுத்துகிறது: அதிகம் படித்தவர் வெளியே போக, குறைவாகப் படித்தவர் அரசு ஆலோசகர் பணிக்கு வருகிறார்.

எதிர்த்தரப்பு ‘கேக்ரெப்’ அமைப்பின் 2024ஆம் ஆண்டுத் தரவிதிகளைக் காட்டும். ஊனம் பற்றிய பாடம் இப்போது எல்லா ஆலோசனைப் படிப்புகளிலும் கலந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எல்லா வகுப்பிலும் ஊனத்தைத் தொட்டுப் பேசுவதும், ஒருவரின் திறமைக்கேற்ற வேலையைத் தேடிப் பிடிப்பதும் ஒன்றாகுமா? நோயறிதலும் சிகிச்சைத் திட்டமும் நிறைந்த 60 கிரெடிட்டில், வேலைச் சந்தை பற்றிய பாடமே முதலில் சுருங்கும்.

எதிர்த்திசையில் இழுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு: மத்திய அரசின் மறுவாழ்வுக் கல்வி உதவித்தொகை. ஓராண்டு உதவி பெற்றால் இரண்டாண்டு இத்துறையில் உழைக்க வேண்டும். இதை விரிவாக்குவதே புத்திசாலித்தனம்.

என் முடிவு இது: இணைத்தது சரி, உரிமக் கணக்கு தவறு. 600 மணியில் பாதியாவது தொழில்சார் மறுவாழ்வு நிலையத்தில் கழிய வேண்டும். பட்டத்துக்குப் பின்வரும் மணிகளிலும் அந்த வேலைக்கு இடம் வேண்டும். அதுவரை இது மறுவாழ்வு என்ற பெயரையும் சுமக்கும் மனநலப் பட்டம்தான்.

நம் ஊரிலிருந்து மாணவர் விசாவில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படிப்புக்குப் பின் வழக்கமாகக் கிடைக்கும் வேலை அனுமதி 12 மாதம். வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் 3,000 மணிக்கு 75 வாரம் ஆகும். கட்டணம் கட்டும் முன் இதையும், களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.