எஃகு மேஜை

மரச்சாமான்களுக்கே பிரசித்தி பெற்றிருந்த அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில், 1912-ஆம் ஆண்டு, எஃகைக் கொண்டு காரியாலயச் சாமான்கள் செய்யத் துணிந்த கம்பெனியே பிற்காலத்தில் ஸ்டீல்கேஸ் என்ற நாமம் பூண்டது. சுருட்டு நெருப்பில் பற்றிக்கொள்ளும் பிரம்புக் கூடைக்குப் பதிலாக அது செய்த எஃகுக் குப்பைக்கூடையை அற்பமென்று தள்ள எனக்கு மனமில்லை. அக்கினி பயமே அத்தொழிலுக்கு ஆதி மூலதனம். ஆயினும் என்னைப் பெரிதும் கவர்வது, 1939-இல் பூர்த்தியான ஜான்சன் வாக்ஸ் கம்பெனியின் காரியாலயத்துக்காக, கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டின் கற்பனைக்கு இசைந்து, முனை வளைந்த மேஜைகளையும், வெளியே இழுபடாமல் கதவைப்போல் சுழன்று திறக்கும் மேஜை இழுப்பறைகளையும், ஒழுங்காக அமராதவரைக் கவிழ்த்துவிடும் குறும்புள்ள மூன்று கால் நாற்காலிகளையும் அக்கம்பெனியார் உருவாக்கிய சாமர்த்தியமே. குமாஸ்தாக்களின் முதுகு நிமிர்ந்ததோ என்னவோ, பின்னர் அந்நாற்காலிகளுக்கு நான்காவது கால் முளைத்தது.