காயடித்த குதிரைக்கு இடமில்லை

2025 அக்டோபர் முதல் ஞாயிறன்று பாரிஸின் லோங்ஷான் மைதானத்தில் நடந்த ஆர்க் பந்தயத்தை டரீஸ் என்ற குதிரை வென்றது. உரிமை ஆகா கான் குடும்பப் பண்ணை, பயிற்சியாளர் ஃபிரான்சிஸ் கிராஃபார். அதே பண்ணையில், அதே பயிற்சியாளரிடம் கலண்டகான் என்றொரு குதிரையும் இருந்தது. ஜூலையில்தான் ஆஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தை வென்றிருந்தது. ஆனால் லோங்ஷானில் அதற்கு அனுமதி இல்லை. காரணம், அது காயடித்த குதிரை.

1920 முதல் நடந்துவரும் இந்த 2,400 மீட்டர் பந்தயம் பொலிகுதிரைகளுக்கும் பெண் குதிரைகளுக்கும் மட்டுமே உரியது. விதி வெறும் மேட்டிமையால் வந்ததல்ல. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை. இயற்கையான சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே வம்சப் பதிவேடு ஏற்கும். அதனால் எந்தக் குதிரையைப் பொலிக்கு விடுவது என்பது பெரிய கேள்வி. அதற்கு விடை தேடும் தேர்வுக்களமாகவே பெரும்பந்தயங்கள் வளர்ந்தன. நம் ஊரிலும் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும் கண் வேறு, உழவுக்கும் வண்டிக்கும் எருது பார்க்கும் கண் வேறு. காயடித்தால் ஆர்க் வாய்ப்பு போய்விடும் என்ற எண்ணம், அவசரப்படும் உரிமையாளரைக் கொஞ்சம் தயங்கவும் வைக்கும். இந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

ஆனால் தேர்வு என்றால் போட்டி கடினமாக இருக்க வேண்டாமா? வலுவான எதிரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வென்றவனைச் சிறந்தவன் என்றால், வம்சத்துக்கு அதனால் என்ன லாபம்? காயடித்த குதிரையிடம் அரைக் குதிரை நீளத்தில் தோற்ற பொலிகுதிரையின் தரம் குறைந்துவிடாது. அதன் அளவு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். கென்டக்கி டெர்பியை 2003இல் ஃபன்னி சைட், 2009இல் மைன் தட் பேர்ட் எனக் காயடித்த குதிரைகள் வென்றன. அமெரிக்கக் குதிரை வளர்ப்பு அதனால் சரிந்துவிடவில்லை.

ரசிகனுக்கு வரும் நட்டம் வேறு வகை. 2009இல் ஆர்க்கை வென்ற சீ த ஸ்டார்ஸ் அதன்பின் ஒரு பந்தயம்கூட ஓடாமல் பண்ணைக்குப் போனது. பொலிக் கட்டணம் இழுக்கும்போது எந்த உரிமையாளரும் அப்படித்தான் செய்வார். ஆண்டுக்கணக்கில் ஓடி மக்கள் மனதில் நிற்பவை பெரும்பாலும் காயடித்தவையே. பிரான்ஸின் சொந்தக் குதிரை சிரஸ் டெஸ் எய்கிள் 2011இல் ஆஸ்காட்டில் சாம்பியன் ஸ்டேக்ஸை வென்றது. ஆர்க் மட்டும் கடைசிவரை எட்டாக்கனியாகவே இருந்தது.

மூன்று வயதுக் குதிரைகளுக்கான ஐரோப்பிய டெர்பிகளில் இந்தத் தடை நீடிக்கட்டும். அங்கே வம்சத் தேர்வு என்ற நோக்கம் தெளிவாக இருக்கிறது. மூத்த குதிரைகளும் சேர்ந்து ஓடும் ஆர்க்கில் அந்த வாதம் வலுவிழக்கிறது. ஐரோப்பாவின் சிறந்த குதிரை எது என்று சொல்ல விரும்பினால் ஆர்க் தன் கதவைத் திறக்க வேண்டும். கலண்டகான் அதே அக்டோபரில் சாம்பியன் ஸ்டேக்ஸையும், நவம்பர் இறுதியில் டோக்கியோவில் ஜப்பான் கோப்பையையும் வென்றது.