ஒரே சம்பளம், இரண்டு நாட்டுக் கணக்கு

இலங்கையின் கிழக்கில், சாகாமத்துக் குளத்தையும் வயல்களையும் விட்டுக் கரைப்பக்கம் வந்தால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, கல்முனை என்று வெளிநாட்டுக் காசில் எழுந்த மாடி வீடுகள் வரிசையாகத் தெரியும். பணிப்பெண்களும் சாரதிமாரும் போன வழியில் இப்போது பட்டதாரி ஆசிரியர்களும் போகிறார்கள். கட்டார், ஓமான், மாலைதீவு. புறப்படுமுன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இஞ்ச கழிக்கிறது போதாம அங்கயும் கழிப்பாங்களா?"

இங்கே கழிபடுவது என்ன என்று முதலில் பார்க்கலாம். அரசாங்க ஆசிரியரின் சம்பளப் பட்டியலில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, அக்ரஹார காப்புறுதி, கடன் தவணை என்று வரிகள் இறங்கிக்கொண்டே போகும். முத்திரை வரி 25 ரூபாவும் அதில் உண்டு. ஆனால் வருமான வரி என்ற இடம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைத்தவர்களிடம் 6 முதல் 36 வீதம் வரை கட்டாயமாகக் கழிக்கத் தொடங்கியபோது வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். பாடசாலை ஆசிரியர் பலரின் சம்பளம் அந்த எல்லையைத் தொடவேயில்லை. 2025 ஏப்ரலில் எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தபின் வரி இன்னும் தூரத்துக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டின் நாகர்கோவில் அரசுப் பள்ளி ஆசிரியரின் பட்டியல் வேறு மாதிரி. 2003 ஏப்ரலுக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடிக்கப்படும். உள்ளாட்சி அமைப்புக்குத் தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை போகும். இலங்கை ஆசிரியருக்கு அப்படியொரு வரி இல்லை. மூத்த ஆசிரியர்களுக்குப் பிப்ரவரி மாதம் வருமான வரிக் கணக்கு ஒப்படைக்கும் மாதம். ஆண்டு முழுதும் கணக்குப் பாராமல் இருந்தவருக்கு அந்த மாதச் சம்பளத்தில் பாதிகூடக் கைக்கு வராமல் போனதுண்டு. இந்த அவதி சாகாமத்து ஆசிரியருக்குத் தெரியாது.

இந்த இருவரும் மாலைதீவில் ஒரே தீவுப் பாடசாலையில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படிப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆசிரியர்கள் அங்கே நெடுங்காலமாகக் கலந்து வேலைசெய்வதால் இது நடக்கக்கூடியதுதான். 2020 ஏப்ரல் முதல் அங்கு சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. ஆனால் மாதம் 60,000 ருஃபியா வரை வரி பூச்சியம். வெளிநாட்டு ஆசிரியர் அந்த உயரத்தை எட்டுவது அரிது. அதற்கு முன், 2016 ஒக்டோபரிலிருந்து, வெளிநாட்டுத் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் 3 வீதம் வரி இருந்தது. வருமான வரிச் சட்டம் வந்தபோது அது போய்விட்டது. கட்டாரில் சம்பளத்துக்கு வரியே இல்லை. ஓமான் மட்டும் 2028 முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் உழைப்பவரிடம் 5 வீதம் வாங்கப்போவதாகச் சட்டம் போட்டிருக்கிறது. ஆசிரியருக்கு அதுவும் எட்டாத தொகை.

ஆக, வேலைசெய்யும் நாட்டில் பயம் குறைவு. சிக்கல் ஊரில்தான்.

இலங்கை, இந்தியா இரண்டும் வரிக்கு நாட்களையே எண்ணுகின்றன. இரண்டின் வரியாண்டும் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. ஆனால் எண்ணும் விதம் வேறு. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டுக்குள் 182 நாள் ஊரில் இருந்தாரா என்பதே இந்தியாவில் கேள்வி. ஜூனில் போனவர் தப்பினார். நவம்பரில் போனவர் அந்த ஆண்டு முழுதும் உள்ளூர்வாசிதான். மார்ச் வரை வாங்கிய வெளிநாட்டுச் சம்பளத்தையும் காட்ட வேண்டும். இலங்கையின் 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டம் விரிந்த வலை. அந்த வரியாண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாள் நாட்டில் இருந்தால் போதும். எனவே மே மாதத்தில் விமானம் ஏறியவரும் அந்த ஆண்டுக்கு வதிபவராகவே நிற்கக்கூடும். போன முதல் வருடம் இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்த ஆண்டிலிருந்து இருவரும் வதியாதவர்கள். அப்போது ஊரில் கிடைக்கும் வாடகைக்கும் வட்டிக்கும் மட்டுமே வரி. இங்கே இலங்கைக்காரர் பாடு நல்லது. வெளிநாட்டில் வாழும் இலங்கைக் குடிமகனுக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விடுதொகை உண்டு. நாகர்கோவில் ஆசிரியருக்கு இந்தியச் சலுகை கதவைச் சாத்துகிறது: இந்தியாவில் 12 இலட்சம் வரை வரி இல்லை என்று சொல்லப்படும் தள்ளுபடி உள்ளூர்வாசிக்கு மட்டுமே. ஊரில் 10 இலட்சம் ரூபாய் வரிக்குரிய வருமானம் உள்ள வெளிநாட்டுவாழ் இந்தியர் புதிய முறையில் 41,600 ரூபாய் கட்டுவார். அதே வருமானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கட்டமாட்டார். வெளிநாட்டுவாழ் இந்தியரின் சாதாரண ரூபாய் வைப்பு வட்டியில் வங்கியே 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்துவிடும். கல்முனை வங்கியில் போட்ட ரூபா வைப்பின் வட்டியில் 10 வீதமே கழியும். இந்தியருக்குள்ள ஆறுதல், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை அதற்கான தனிக் கணக்கில் போட்டால் வட்டிக்கு வரியே கிடையாது என்பது.

இவ்வளவும் வரி. அரசாங்க ஆசிரியரின் பெரிய இழப்பு இதில் இல்லை, சேவைக்காலத்தில்தான் இருக்கிறது. கேரள அரசு தன் ஊழியர்களுக்கு, வெளிநாட்டில் உழைக்க 20 ஆண்டு வரை சம்பளமில்லா விடுப்பு கொடுத்துவந்தது; 2020இல் அதை 5 ஆண்டாக வெட்டியது. அந்தக் காலம் ஓய்வூதியத்துக்குச் சேராது. இலங்கை எதிர்த்திசையில் போனது. டொலர் வற்றிய 2022 ஜூனில் பொது நிருவாக அமைச்சின் 14/2022ஆம் இலக்கச் சுற்றறிக்கை, மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமின்றி 5 ஆண்டு சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழிவிட்டது. பதிலுக்கு, மாதந்தோறும் குறித்த அளவு டொலரை வங்கி வழியாக அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. திறைசேரிக்கு ஆசிரியர் திரும்பி வந்தாலும் இலாபம், வராமல் அனுப்பிக்கொண்டிருந்தாலும் இலாபம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏற்கெனவே ஆள் தேடும் கிழக்கின் பாடசாலைகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

போகாமலே வெளிநாட்டுக்குப் படிப்பிப்பவர்கள் வேறு கூட்டம். இலண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரவில் இணையவழி வகுப்பு எடுக்கும் ஆசிரியரின் வருமானம், அந்நிய நாணயத்தில் வங்கிக்கு வந்தால், இலங்கையில் 2025 மார்ச் வரை வரிவிலக்குப் பெற்றிருந்தது. இப்போது விடுதொகையான 18 இலட்சத்துக்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதற்கு அப்பால் எவ்வளவு உயர்ந்தாலும் 15 வீதம். இந்தியாவில் அப்படித் தனி உச்சவரம்பு இல்லை. மற்ற வருமானத்தோடு சேர்த்து 30 சதவீதம் வரை போகலாம். இந்த வகுப்புகளுக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, கழிக்க முதலாளியும் இல்லை. இலங்கையில் ஆசிரியரே காலாண்டுத் தவணை கட்டி, நவம்பர் 30க்குள் வரி விபரத்திரட்டை ஒப்படைக்க வேண்டும்.