அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும்: வேகத்திற்கு அப்பால் ஒரு மதிப்பீடு

வலை வழங்கி மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, எது வேகமானது என்ற கேள்விக்கு விடை சொல்வதோடு முடிந்துவிடுகின்றன. கேள்வியில் தவறில்லை, ஆனால் அது சிறிய கேள்வி. ஒரு வலை வழங்கி இருபது, முப்பது ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கிறது. அக்காலம் முழுவதும் அதன் வழுக்களைத் திருத்துபவர் யார்? புதிய பதிப்பு வெளியாகலாம் என்று முடிவெடுப்பவர் யார்? வேண்டாம் என்று தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள்தாம். இரண்டின் உரிமங்களும் ஏறக்குறைய ஒரே அளவு தாராளமானவை. இக்கேள்விகளுக்கு அவை தரும் விடைகளோ முற்றிலும் வேறு.

அப்பாச்சி, கைவிடப்பட்ட ஒரு மென்பொருளிலிருந்து பிறந்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கியே அன்று பரவலாகப் பயன்பட்டது. 1994-இல் அவர் அங்கிருந்து விலகியதும் வளர்ச்சி நின்றுபோனது. அதை நம்பித் தளம் நடத்தியவர்கள் ஆளுக்கொரு திருத்தம் எழுதி வைத்துக்கொண்டிருந்தனர். 1995 தொடக்கத்தில் பிரையன் பெலண்டார்ஃப் உள்ளிட்ட எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியே கூடி அத்திருத்தங்களை ஒன்றாக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தது. 1996 ஏப்ரலில் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் அப்பாச்சி முதலிடம் பிடித்தது. நிறுவியவர் போனால் மென்பொருளும் போய்விடும் என்பதை நேரில் கண்டவர்கள் இவர்கள். ஆகவே ஒருவரை நம்பாத ஏற்பாட்டைச் செய்தார்கள்.

அந்த ஏற்பாடு எளிமையானது. நிரல் மாற்றத்திற்கு உறுப்பினர் ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கலாம். ஒருவரின் எதிர்ப்பே மாற்றத்தை நிறுத்திவிடும், ஆனால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். பதிப்பு வெளியீட்டிற்கு அந்தத் தடை உரிமை இல்லை. குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகளும், எதிர்ப்பை விட ஆதரவு கூடுதலாக இருப்பதும் போதும். ஒரு தனி மனிதர் நிரலைத் தடுக்கலாம், வெளியீட்டைப் பணயம் வைக்க முடியாது. அப்பாச்சியின் நிரலை விட இந்த விதியே அதன் பெரிய படைப்பு என்பது என் கருத்து.

நிரலைப் பற்றி அப்படிப் புகழ இயலாது. எச்டிஅக்சஸ் கோப்பை எடுத்துக்கொள்வோம். பகிர்ந்த வழங்கியில் சிறிய இடம் வாங்கிய எவரும், நிர்வாகியிடம் கேட்காமலே தம் தளத்தின் அமைவை மாற்ற அது வழி செய்தது. வேர்ட்பிரஸ் தன் முகவரி விதிகளை எழுதிக்கொள்வதும் அதில்தான். ஆனால் அது இயக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் அப்படியொரு கோப்பு இருக்கிறதா என்று வழங்கி தேட வேண்டியிருக்கிறது. வசதியானாலும் விலை கூடியது. பழையதைக் கைவிட முடியாத சுமையும் உண்டு. 2002-இல் வந்த 2.0 பதிப்பு இழைகளைக் கொண்டு இயங்கக்கூடியது. பிஎச்பி நம்பியிருந்த நூலகங்கள் பல இழைகளுக்கு ஏற்றவையாக இல்லாததால், பலர் ஒரு இணைப்புக்கு ஒரு செயல்முறை என்ற பழைய முறையிலேயே தங்கினர். 1.3 வரிசைக்கு 2010 வரை திருத்தங்கள் வெளியிட வேண்டியிருந்தது.

அந்தப் பழைய முறையின் பலவீனத்தைத்தான் இகோர் சிசோயெவ் தாக்கினார். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் கணினி நிர்வாகியாக இருந்த அவர் 2002-இல் எழுதத் தொடங்கி, 2004-இல் என்ஜின்எக்ஸை வெளியிட்டார். சில செயல்முறைகள் மட்டுமே இருக்கும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை நிகழ்வு அடிப்படையில் கவனிக்கும். மெதுவாகப் பேசும் பயனர் ஒருவருக்காக ஒரு செயல்முறை முழுவதும் காத்துக் கிடக்காது. 2009-இல் ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் நிரல், பாதி எழுதிய கோரிக்கைகளை இழுத்தடித்தே அப்பாச்சி வழங்கிகளை முடக்கியது. என்ஜின்எக்ஸ் அதற்கு எளிதில் அசையவில்லை. வடிவமைப்பில் சிசோயெவ் வென்றார் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த வடிவமைப்பு ஒருவரின் தலைக்குள்ளும், பிறகு ஒரு நிறுவனத்தின் கைக்குள்ளும் இருந்தது. 2011-இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2013-இல் கட்டணப் பதிப்பு வந்தது. பின்னணி வழங்கிகள் உயிரோடிருக்கின்றனவா என்று தானே சென்று சோதிக்கும் வசதி கட்டணப் பதிப்புக்கு ஒதுக்கப்பட்டது. பலருக்கும் தேவைப்படும் ஒரு வசதியைத் தேர்ந்தெடுத்து வேலிக்குள் வைத்தது தற்செயல் அல்ல. 2019-இல் எஃப்5 நிறுவனம் 67 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், நிரலின் உரிமை தனக்கே என்று ராம்ப்ளர் கோரியதை ஒட்டி மாஸ்கோ அலுவலகத்தில் காவல்துறை சோதனை நடத்தியது. ஒரு வழங்கி மென்பொருளின் எதிர்காலம் ஒரு பழைய பணி ஒப்பந்தத்தைப் பொறுத்துத் தொங்கிய நாட்கள் அவை. அப்பாச்சிக்கு அப்படி நேர முடியாது. அதன் நிரல் 1999 முதல் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது.

அறக்கட்டளை இருப்பதால் நிரல் பிழைபடாது என்று எண்ணிவிட வேண்டாம். 2021 செப்டம்பரில் வந்த 2.4.49 பதிப்பில் கோப்புப் பாதையைச் சீராக்கும் பகுதியை மாற்றி எழுதினர். பாதையிலுள்ள புள்ளியைச் சதவிகிதக் குறியீடாக எழுதினால் ஆவணக் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்ட முடிந்தது. அமைவுக் கோப்பிலுள்ள இயல்பான தடையை நீக்காதவர்கள் தப்பினர். அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. குறியீட்டையே மறுபடி குறியீடாக்கினால் அந்தத் திருத்தமும் உடைந்தது. மூன்று நாளில் 2.4.51 வந்தது. முப்பது ஆண்டுக்கால நிரலில் கை வைக்க எத்தனை கண்கள் வேண்டும், உண்மையில் எத்தனை இருக்கின்றன என்பதை அந்த வாரம் காட்டியது. திறந்திருக்கும் நிரலைப் பலர் படிப்பார்கள் என்ற நம்பிக்கை பெரும்பாலும் நம்பிக்கையே. படிப்பவர்கள் ஒரு கைப்பிடி.

2024 பிப்ரவரியில் என்ஜின்எக்ஸின் முதன்மை நிரலாளர்களில் ஒருவரான மாக்சிம் டோனின் விலகி, ஃப்ரீஎன்ஜின்எக்ஸ் என்ற கிளையைத் தொடங்கினார். எஃப்5 மாஸ்கோ அலுவலகத்தை மூடிய பிறகு ஊதியமின்றிப் பணி செய்துவந்தவர் அவர். சோதனை நிலையிலிருந்த எச்டிடிபி 3 நிரலின் வழுக்களுக்கு நிறுவனம் பாதுகாப்பு எச்சரிக்கை எண் வழங்கியதே மோதலின் காரணம். சோதனை நிரலின் வழு சாதாரண வழுவே என்பது அவர் வாதம். அந்த ஒரு விஷயத்தில் நிறுவனத்தின் பக்கமே நியாயம் கூடுதல் என்று தோன்றுகிறது. அந்த நிரலைச் சிலர் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் நிரலாளர்கள் வகுத்த கொள்கையை நிர்வாகம் மீறியது என்ற அவரது குற்றச்சாட்டு அதனால் நீங்கவில்லை. காரணம் சொல்லித் தடுக்கும் உரிமை அவருக்கு இருந்திருந்தால் வாதம் மின்னஞ்சலிலேயே முடிந்திருக்கும். அது இல்லாததால் கிளை பிரிந்தது. உரிமம் அவருக்குக் கொடுத்திருந்த ஒரே ஆயுதமும் அதுதான்.